பதினொன்றுக்குக் கொஞ்சம் கீழே

மணலி சாலையில் எடை போடுவது என் வேலை.
நாற்பது டன் கன்டெய்னர் மேடையில் ஏறி நின்றால்
இருபது கிலோ பிசகினாலும் சீட்டு கிழிக்க மாட்டேன்.
டிரைவர்கள் திட்டுவார்கள். பழகிவிட்டது.

ஊசியில் ஒரு கோடு என்பது
ஒரு மில்லியில் நூறில் ஒரு பங்கு என்றார் டாக்டர்.
அங்கேதான் என் கை நடுங்கியது.

சர்க்கரை வந்து பதினாலு வருஷம்.
மாத்திரை இரண்டு வருஷம் வேலை செய்தது,
பிறகு தலைவலி மட்டும் கொடுத்தது.
மல்லேஸ்வரி ஒன்றும் கேட்டதில்லை.
கேட்காததுதான் எங்களுக்கு நடுவே
மூன்றாவது ஆளாய்ப் படுத்திருந்தது.

முதல் ஊசி ஆஸ்பத்திரியில், திரைக்குப் பின்னால்.
ஐந்து கோடு.
"கடிகாரம்னு நெனச்சுக்கோங்க.
இடதுன்னா பத்து மணி, வலதுன்னா ரெண்டு.
பன்னெண்டுலயும் ஆறுலயும் குத்தவே கூடாது."
கால் மணி நேரம்
எதிர்ச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுப் போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.
"மெதுவா ஏத்திக்கலாம்" என்றார்.

ஃபிரிட்ஜில் இன்சுலினுக்குப் பக்கத்தில், முட்டைக்குக் கீழே, புதுக் குப்பி.
மே மாதம் கொருக்குப்பேட்டையில் கரண்ட் போனால்
மீன்கடைக்கு ஓடுவேன், ஐஸ் வாங்க.
"இன்னா மீன்ணா?" என்பான் கடைக்காரன்.
"வஞ்சிரம்" என்பேன்.

எனக்குத் தெரிந்தது டன்.
ஊசி தெரிந்தவள் அவள்,
எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு ஜாக்கெட் தைப்பவள்.
"குடு இப்டி."
பட்டன் வைப்பதுபோல் குத்தி எடுத்து
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள்.
ஐந்து நிமிஷம் அழுத்த வேண்டும். கடிகாரமோ அடுத்த அறையில்.
கேட்டில் கூட்ஸ் வண்டி போனது.
"எண்ணு" என்றாள்.
நாற்பத்தியொரு வேகன்.
அவ்வளவு நேரம் அவள் கை என்மேல் இருந்து
எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

எட்டுக் கோடு: ஒன்றுமில்லை.
பத்து: வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிய விருந்தாளி.
எல்லாம் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்,
தேதி, கோடு, பக்கம், நிமிஷம், அவள் கையெழுத்தில்.
பையன் ஒருநாள் புரட்டிவிட்டு
"பாலுக்கு எதுக்கும்மா பத்து நிமிஷம்?" என்றான்.
"காய்ச்சினது" என்றாள்.

கல்யாண நாளன்று அவசரப்பட்டேன்.
அவளிடம் சொல்லாமல் இருபது.
வாழ்க்கையில் நான் போட்ட ஒரே பொய்ச் சீட்டு.
முதல் ஒரு மணி நேரம் இருவரும் சிரித்தோம்.
இரண்டாவதில் அவள் தூங்கிவிட்டாள்.
நான்காவது தொடங்கியதும் எழுப்பினேன்.
கல்லைக் கட்டியதுபோல் வலி.
"எவ்ளோ போட்ட?"
சொன்னேன்.
திட்டவில்லை. லுங்கிமேல் துண்டைச் சுற்றிவிட்டு
ஆட்டோ பிடித்தாள்.

கேட் மூடியிருந்தது.
ஐம்பத்தெட்டு. எல்லாம் காலி டேங்கர்.
"எங்கண்ணா வலி?" என்றான் ஆட்டோக்காரன்.
"வயிறு" என்றாள் மல்லேஸ்வரி, ரயிலைப் பார்த்தபடி.

ஸ்டான்லியில் ராத்திரி ரெண்டே முக்கால்.
தேங்கிய ரத்தத்தை உறிஞ்சி எடுத்தார்கள்,
எஞ்சின் ஆயில் நிறம்.
சின்ன டாக்டர் கொட்டாவியோடு சொன்னார்:
"நாலு மணி நேரம்னா ஓடி வந்துடணும் சார்.
வெக்கப்பட்டு வீட்லயே கெடந்து கெடுத்துக்கறவங்கதான் ஜாஸ்தி."

வெளியே பெஞ்சில் ஒரு டீயை இரண்டாய்ப் பிரித்தாள்.
"இருபது வேணும்னு நான் கேட்டனா?"
டீ ஆறிப்போனது.

ஒரு மாசம் குப்பியைத் தொடவில்லை.
பிறகு டாக்டரிடம் நோட்டோடு அவளே வந்தாள்.
அவர் பக்கத்தைப் படித்துவிட்டு
"கணக்கு யாருது? தெளிவா இருக்கு" என்றார்.
மறுபடி பத்திலிருந்து,
அரை அரைக் கோடாக.

இப்போது பதினொன்றுக்குக் கொஞ்சம் கீழே.
கோட்டைத் தொடாமல்
அதன் அடியில் வந்து நிற்கும் மருந்து.

சனிக்கிழமை. பையன் ட்யூஷனில்.
"போன தடவ எந்தப் பக்கம்?"
"இடது."
என் பேச்சை நம்பாமல் நோட்டைப் பார்க்கிறாள்.
ட்யூப்லைட் பக்கம் தூக்கி, நகத்தால் சுண்டி,
குமிழை மேலே ஏற்றுகிறாள்.
தூரத்தில் கேட் போடும் மணி.
"இரு" என்கிறாள். "வண்டி வரட்டும்."